கூரையில்லாக் காரும் தாங்குசட்டமும்

சப்பாத்துப் பெட்டியொன்றை எடுத்து, மூடியை இட்டு, ஓரங்களைத் தாள்கொண்டு ஒட்டியபின், அதன் இரு முனைகளையும் பற்றி எதிரெதிர்த் திசைகளில் முறுக்கிப் பார்த்தால் அது எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. மூடியை அகற்றிவிட்டு அதே பெட்டியை மீண்டும் முறுக்கினால், ஈரத்துணியைப் பிழிவதுபோல அது திருகிக்கொள்ளும். நேயர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அட்டையின் தடிப்பு மாறவில்லை. முறுக்கிய கைகளின் பலமும் மாறவில்லை. ஆறு பக்கமும் அடைபட்டிருந்த பெட்டி ஐந்து பக்கமுடையதாயிற்று, மாறியது அவ்வளவே. கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் காரின் குறை முழுவதும் இந்தச் சப்பாத்துப் பெட்டியில் அடங்கிக் கிடக்கிறது.

தற்காலக் கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு, லொறிகளுக்கு இருப்பதுபோன்ற தனி அடிச்சட்டம், அதாவது தொழிலாளர் ‘செசி’ என்று வழங்குவது, கிடையாது. தளம், கூரை, தூண்கள், கதவுகளின் கீழே இருபுறமும் நீளவாக்கில் ஓடும் தகட்டுக் குழல்கள் ஆகிய யாவும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு, ஒரே கூடாக நின்று பாரத்தைத் தாங்குகின்றன. இக்கூட்டிற் கூரை மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு மட்டுமன்று. பாரம் தாங்கும் உறுப்புக்களுள் ஒன்று. காற்றை விரும்பி அதனை நீக்கிவிட்டால், அது செய்துவந்த வேலையை வேறொன்றின் தலையிற் சுமத்தியே ஆகவேண்டும். பெரும்பாலும் அது கதவின் கீழுள்ள குழல்களின் தலையில் விழுகிறது. அக்குழல்களையோ விரும்பியவாறு உயர்த்திவிட முடியாது. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த மேர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். கூரையுள்ள வண்டியே, எனினும், மெல்லிய குழாய்களாலான அதன் சட்டகம் பக்கங்களில் உயர்ந்து நின்றமையால் வழக்கமான கதவை வைக்க இடமிருக்கவில்லை. அதன் கதவுகள் பறவையின் சிறகுபோல மேல்நோக்கித் திறந்தமைக்கு அதுவே காரணம். அழகு பின்னர் வந்து சேர்ந்தது.

இவ்வாறு குறைந்துபோன விறைப்பை ஈடுசெய்வதற்கென்று கடைகளிலே தாங்குசட்டங்கள் விற்கப்படுகின்றன. சிவப்பும் நீலமுமாய்ப் பூச்சிட்டவை, கண்ணாடிபோல் மினுக்கியவை, எஞ்சினுக்கு மேலே பாலம்போல் வளைந்து நிற்பவை எனப் பலவகை. இவற்றுள் எதை வாங்குவது, எதை விடுவது என்பதை அறிய ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்வது நலம். யப்பானிய மாஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்-5 அதற்கு மிகப் பொருத்தமானது.

1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இவ்விருவர் வண்டி, அமெரிக்காவில் மியாட்டா என்றும், யப்பானில் யூனோஸ் றோட்ஸ்ரர் என்றும் பெயர்பெற்றது. முதல் மாதிரியின் எடை ஏறக்குறைய 950 கிலோகிராம். 2016ஆம் ஆண்டிலே பத்து இலட்சமாவது எம்.எக்ஸ்-5 தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. இதனை ஆக்கியோர் முன்மாதிரியாகக் கொண்ட வண்டிகளுள் முதன்மையானது, 1962இல் கொலின் சப்மனின் நிறுவனம் வெளியிட்ட லோட்டஸ் எலான். ஆனால் எலானின் உடல் கண்ணாடிநார் கொண்டு வார்க்கப்பட்டது; பாரத்தைத் தாங்கியது, உருக்குத் தகட்டை மடித்துப் பெட்டிபோற் செய்து வண்டியின் நடுவே வைத்த முள்ளந்தண்டு. முன்னும் பின்னும் கவைபோற் பிரிந்து சில்லுகளின் பொறிகளை ஏந்திய அத்தண்டுக்குக் கூரை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன!

எம்.எக்ஸ்-5இன் நடுவிலும் நீண்ட அலுமினியச் சட்டமொன்று ஓடுகிறது. அடியிலே படுத்துப் பார்ப்போர் பலர் அதனை எலானின் முள்ளந்தண்டு என்றே எண்ணிவிடுகின்றனர். அது தவறு. கியர்ப்பெட்டியையும் பின் அச்சின் பற்சில்லுப் பெட்டியையும் இணைத்து, அவை தனித்தனியே துள்ளாதபடி பிடித்துக்கொள்வதே அதன் தொழில். உடலின் முறுக்கத்தைத் தகட்டுக் கூடே தாங்கவேண்டியிருக்கிறது. அக்கூட்டில் இடமிருந்த குறையை ஆக்கியோரே உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றுண்டு. 1994ஆம் ஆண்டு மாதிரியாக 1,839 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் வெளிவந்த வண்டியில், ஆசனங்களின் பின்னே இருபுறத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டமொன்றையும், முன் பின் சில்லுகளைத் தாங்கும் துணைச்சட்டங்களுக்கு மேலதிகத் தாங்குசட்டங்களையும் அவர்களே சேர்த்தனர். கடைக்காரரின் பட்டியலைப் பார்க்குமுன் இதனைப் பார்ப்பது புத்தி. எங்கே வலு வேண்டும் என்று அளந்தறிய வசதி பெற்றிருந்தோர் எங்கே இரும்பைச் சேர்த்தனர் என்பது, விளம்பரத்திலும் பார்க்க நம்பத்தக்க சாட்சியன்றோ?

முறுக்கத்தின் இயல்பைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 50 மில்லிமீற்றர் விட்டமும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள இரும்புக் குழாயொன்றை எண்ணிக்கொள்வோம். அதன் ஒரு பக்கத்தில், நீளம் முழுவதற்கும், வாளால் ஒரு கீறு கீறிவிட்டால் இரும்பின் அளவிற் குறைவு எதுவும் தோன்றாது, எடையும் அவ்வாறே. ஆனால் முறுக்கத்தை எதிர்க்கும் ஆற்றல் ஏறக்குறைய 1,800இல் ஒரு பங்காகிவிடும். அடைபட்ட குழலுக்கும் திறந்த குழலுக்கும் உள்ள பேதம் அத்துணை பெரிது. ஆகவே தாங்குசட்டம் வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்வி, ‘எவ்வளவு தடித்த இரும்பு?’ என்பதன்று, ‘எந்தத் திறப்பை அடைக்கிறது?’ என்பதே. எம்.எக்ஸ்-5இற் கதவுகளின் இடம் ஒரு திறப்பு. கியர்ப்பெட்டி செல்லும் நடுச்சுரங்கம் கீழே வாய் பிளந்து கிடப்பது மற்றொன்று. ஆசனங்களின் பின்னே தூண்களை மேலே இணைப்பது எதுவுமின்மை மூன்றாவது.

விறைப்புக் குறைந்தால் என்ன நட்டம்? இருவகை நட்டங்கள் உள. ஒன்று எவருக்கும் தெரியக்கூடியது: கரடுமுரடான வீதியில் முன் கண்ணாடிச் சட்டமும் கைப்பிடிச் சில்லும் நடுங்கும், பின்னோக்கும் கண்ணாடியிற் பிம்பம் கலங்கும். சில்லும் அதனைச் சார்ந்த பாகங்களும் மேடு பள்ளங்களிற் செக்கனுக்கு ஏறக்குறைய 10 முதல் 15 தடவை துள்ளுவன. கூரையில்லா உடலின் இயல்பான அதிர்வும் அதே அளவை அண்மிவிட்டால், ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவதுபோல ஒன்று மற்றதைப் பெருக்கிவிடுகிறது. உடலை விறைப்பாக்கினால் அதன் அதிர்வு விரைவு கூடி அவ்வெல்லையினின்று விலகும். ஆனால் விறைப்பை இருமடங்காக்கினாலும் அதிர்வு விரைவு 41 வீதமே கூடும். தாங்குசட்டம் தன் எடையையும் கூட்டுவதால் அதிலும் சிறிது கழியும். ஒரே சட்டத்தைப் பூட்டிவிட்டு நடுக்கம் முற்றாக ஒழியும் என எதிர்பார்ப்போர் ஏமாறுவது இதனாலேயே.

மற்றைய நட்டம் வளைவுகளில் வேகமாகச் செல்வோருக்கே உரியது. வளைவில் வண்டி சாயும்போது முன் சில்லுகள் எவ்வளவு பாரம் ஏற்கும், பின் சில்லுகள் எவ்வளவு ஏற்கும் என்பதைச் சுருள்விற்களையும் சாய்வுத் தடைக் கம்பிகளையும் மாற்றி ஓட்டுபவர் தீர்மானிக்கலாம். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருக்கும் உடலும் ஒரு வில்லைப்போல முறுகுமாயின், முன்னே செய்த மாற்றம் பின்னே சென்று சேராது, நடுவிலேயே கரைந்துபோகும். வழக்கமான மென்மையான விற்களோடு ஓடும் வண்டிக்கு இக்குறை பெரிதாகத் தோன்றாது. பந்தயத்துக்கென விறைத்த விற்களைப் பூட்டிய வண்டிக்கே உடலின் நெகிழ்ச்சி பெருங்குறையாகும். ஆதலால், மாலையிற் கடற்கரை வீதியில் உலாவுதற்கு மட்டும் வண்டி வைத்திருப்பவர் பந்தயக்காரரின் பட்டியலைப் பார்த்துப் பொருள் வாங்குவது வீண் செலவு.

இனி, பொருள்களைப் பார்ப்போம். எஞ்சினுக்கு மேலே இரு பக்கத்து வில் மேடைகளையும் இணைக்கும் சட்டமே அதிகம் விற்பனையாவது. முன்மூடியைத் திறந்தவுடன் கண்ணிற் படுவது அதுதான். விற்பனைக்கு அதுவும் ஒரு காரணமென்று ஐயுறலாம். மக்பெர்சன் அமைப்பில், அதாவது சில்லைப் பிடிக்கும் தண்டே வில்லையும் ஏந்தி மேலே உடலோடு இணையும் அமைப்பில், வளைவுகளிற் பக்கவாட்டு விசையின் ஒரு பங்கு அம்மேடைக்கே செல்லும். அத்தகைய வண்டிகளுக்கு அச்சட்டம் பயன் தரும். எம்.எக்ஸ்-5இலோ சில்லை மேலும் கீழுமாக இரு கைகள் பிடிக்கின்றன. முன்புறத்தில் அக்கைகள் இரண்டும் உருக்குத் துணைச்சட்டத்திலேயே பிணைக்கப்பட்டுள்ளன. மேலேயுள்ள மேடைக்கு வருவது பெரும்பாலும் வில்லின் மேல்நோக்கிய தள்ளல் மட்டுமே. ஆகையால் ஒரு வண்டியில் உதவிய சட்டம் மற்றொன்றிலும் உதவும் என்று கொள்வதற்கில்லை.

அச்சட்டத்தின் வடிவமும் நோக்கத்தக்கது. எஞ்சின் குறுக்கே நிற்பதால் பலர் அதனை வளைத்துச் செய்கின்றனர். 25 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள உருக்குக் குழாய் நேராக நின்றால் நீளவாக்கிலான இழுப்பையும் அமுக்கத்தையும் நன்கு தாங்கும். அதே குழாயை, முனைகள் இரண்டும் கீல்போல அசையத்தக்கனவாக வைத்து, ஏறக்குறைய நீளம் முழுவதும் 5 சென்ரிமீற்றர் விலகி நிற்குமாறு வளைத்துவிட்டால், அதன் விறைப்பு நாற்பதில் ஒரு பங்களவாகக் குறைந்துவிடும். கணக்கு எளிது, ஆயினும் கடைகளில் அதனைக் கேட்போர் அரிது. அலுமினியம் என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டுவதில்லை. அதன் எடை உருக்கின் எடையில் ஏறத்தாழ மூன்றிலொன்று; விறைப்பும் ஏறத்தாழ மூன்றிலொன்றே. ஒரே பருமனுள்ள இரு சட்டங்களில் அலுமினியம் இலேசாயிருப்பது உண்மை. அது தளர்ந்திருப்பதும் உண்மை.

அடிப்புறத்துச் சட்டங்கள் பார்வைக்கு அழகற்றவை, பயன் மிகுந்தவை. நான்கு கம்புகளை முனைகளில் மட்டும் ஆணியிட்டுச் சதுரமாக்கினால் அது சாய்ந்து விழும். மூலைக்கு மூலை ஐந்தாவது கம்பொன்றை வைத்தால் நிற்கும். வீட்டுக் கூரைக்கு மரம் பூட்டும் தச்சர் அறிந்த இவ்வுண்மை காருக்கும் பொருந்தும். எம்.எக்ஸ்-5இன் தளத்தின் கீழே நீளவாக்கில் ஓடும் இரு மெல்லிய தகட்டுச் சட்டங்கள் உள்ளன. அவை ஜக்கினால் தூக்கும்போது நசுங்கிப்போகும் அளவுக்கு மெலிந்தவை. பழைய வண்டிகளில் நசுங்காத சட்டத்தைக் காண்பது அரிது. அவற்றின்மேல் உறைபோலப் பொருந்தும் தடித்த உருக்குச் சட்டங்களை மரையாணியாற் பூட்டி, அவ்விரண்டையும் நடுச்சுரங்கத்தின் கீழே மூலைக்கு மூலை இணைத்தால், திறந்து கிடந்த வாய் ஓரளவு அடைபடுகிறது. வெறும் குறுக்குக் கம்பிகள் மட்டும் ஏணிபோல் வைக்கப்பட்டிருந்தால் அதன் பயன் சொற்பமே. வாங்குமுன் சட்டத்தைத் தரையில் வைத்து, அதில் முக்கோணங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். புகைக்குழாய்க்கு இடமிருக்கிறதா, வீதித் தடுப்பு மேடுகளில் உராயுமா என்பனவும் பார்க்கவேண்டியவையே.

ஆசனங்களின் பின்னே நிற்கும் காப்பு வளைவு, வண்டி புரளும்போது தலைகளைக் காப்பதற்காக ஏற்பட்டது. தளத்தோடும் பின்புறச் சில்லு மறைப்புக்களோடும் உறுதியாகப் பூட்டப்பட்டு, மூலைக்கு மூலை செல்லும் கம்பியும் உடையதாயின், அது உடலின் பின்பாதிக்கு நல்ல விறைப்பும் தரும். எனினும் இங்கே பெரும் எச்சரிக்கை வேண்டும். ஒரு நேர்க்கோலை வளைவின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிவரை பிடித்தால், அமர்ந்திருப்பவரின் தலை அக்கோலுக்குக் கீழே இருத்தல் வேண்டும். உயரமானவர்களுக்குச் சிறிய வளைவு பாதுகாப்பன்று. அன்றியும், பின்னிருந்து மோதப்படும்போது தலை சென்று இடிக்கக்கூடிய தூரத்தில் இரும்பு நிற்கிறது. அடர்த்தியான பாதுகாப்பு மெத்தையைச் சுற்றாமல் அதனை வீதியிற் பயன்படுத்தலாகாது. தலைக்கு முன்னும் பக்கத்திலும் குழாய்கள் செல்லும் முழுக்கூண்டு தலைக்கவசம் அணிந்த பந்தயக்காரருக்கே உரியது. விறைப்பை நாடி அதனை வீதி வண்டியிற் பூட்டுவது, சிறு விபத்தொன்றைப் பெரு விபத்தாக்கும்.

இவை அனைத்துக்கும் முற்பட்ட காரியமொன்று உண்டு. முதல் மாதிரி எம்.எக்ஸ்-5இன் துணிக்கூரையில் விழும் மழைநீர், ஆசனங்களின் பின்னே இருபுறமுமுள்ள துளைகள் வழியே கீழே வடியவேண்டும். இலைகளும் மண்ணும் அத்துளைகளை அடைத்துவிட்டால் நீர் கதவின் கீழுள்ள குழல்களுக்குள் இறங்கித் தேங்குகிறது. கறள் உள்ளிருந்தே அரிக்கிறது. பின் சில்லுக்குச் சற்று முன்னே பூச்சுக் குமிழ்விடும் நாளில், உள்ளே இரும்பு பெரும்பாலும் போய்விட்டிருக்கும். கூரையின் சுமையை ஏற்ற குழல் எதுவோ, அதுவே இவ்வாறு அழிகிறது. ஆசன வார் பிணைக்கப்படும் இடமும் அதன் அயலிலேயே உள்ளது. பிரித்தானியாவின் வருடாந்த வாகனப் பரிசோதனையில், வார் பிணைக்கும் இடத்துக்கு 30 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் உடல் வலுவிழக்கும் அளவுக்குக் கறள் கண்டால் வண்டி தேறுவதில்லை. அத்தகைய வண்டிக்குத் தாங்குசட்டம் பூட்டினால் நடுக்கம் சற்றுக் குறையலாம், ஓட்டுபவரும் மகிழலாம். பக்கத்திலிருந்து மோதல் வரும் வேளையில் அவருக்கும் அவரருகில் இருப்பவருக்கும் காப்பாக நிற்கவேண்டிய குழல் அங்கே இருக்காது. பழைய வண்டி வாங்குவோர், அடியிலே தடித்த கரிய பூச்சும் புதிய சட்டமும் ஒருங்கே காணப்பட்டால், அவற்றின் பின்னே என்ன மறைந்திருக்கிறது என்று கேட்கவேண்டும். அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்து உருக்கி ஒட்டுவித்த பின்னரே மற்றைய செலவு.

கறளுக்கு அடுத்தபடி இறப்பர். சில்லின் கைகள் துணைச்சட்டத்தோடு சேரும் மூட்டுக்களில் உள்ள இறப்பர் உருளைகள் முப்பது வருடங்களில் வெடித்தும் தளர்ந்தும் போகின்றன. வண்டி நேராகச் செல்லாது அலைவதற்கு உடலின் நெகிழ்ச்சியே காரணமென்று பலர் குற்றஞ்சாட்டுவது, உண்மையில் இவ்வுருளைகளின் குற்றமாகும். பழைய ரயர்களும் அத்தகையனவே. இவற்றைப் புதுப்பித்து ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தபின், தாங்குசட்டம் வேண்டாமலே போய்விடவுங் கூடும்.

வேண்டுமென்று தோன்றினால், பூட்டுமுன் அளத்தல் நன்று. சமதரையில் வண்டியை நிறுத்தி, கதவுக்கும் பின் உடலுக்கும் இடையேயுள்ள இடைவெளியை மேலும் கீழுமாக வேணியர் இடுக்கியால் அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். பின்னர், ஆக்கியோர் குறித்த இடத்திலேயே ஜக்கை வைத்து, முன்புறத்து ஒரு மூலையைச் சில்லு தரையை விட்டு எழும்வரை தூக்கி, அதே இடங்களை மீண்டும் அளந்தால் உடல் எவ்வளவு நெகிழ்ந்தது என்பது மில்லிமீற்றர்க் கணக்கில் தெரியவரும். அவ்வேளையில் எவரும் வண்டியின் அடியிற் செல்லலாகாது. இவ்வளவை உடல் முழுவதன் நெகிழ்ச்சிக்கே உரியது. எஞ்சின் மேலுள்ள சட்டத்தைச் சோதிப்போர் இரு வில் மேடைகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளக்கவேண்டும்.

பூட்டும்போது நான்கு சில்லுகளும் உயரம் ஒத்த சரிவுமேடைகளில் நின்று வண்டியின் பாரத்தை ஏற்றிருத்தல் அவசியம். ஒரு மூலை தூக்கிய நிலையில் இறுக்கினால், உடல் கோணிய நிலையிலேயே பிணைக்கப்பட்டுவிடும். தாங்குசட்டம் உடலோடு படியும் முகங்களிற் கனமான பூச்சு இருக்கலாகாது. பூச்சு நாளடைவில் நசுங்க, மரையாணியின் இறுக்கம் தளரும். தளர்ந்த சட்டம் சத்தமிடுவதன்றி வேறொன்றும் செய்யாது. சில நூறு மைல்கள் ஓடியபின் மரையாணிகளை மீண்டும் இறுக்கிப் பார்த்து, முன்போலவே மூலையைத் தூக்கிக் கதவின் இடைவெளியை அளந்து, பழைய குறிப்போடு ஒப்பிடவேண்டும். இலக்கம் மாறவில்லையாயின் அச்சட்டத்தைக் கழற்றி எடுத்துவிடலாம். வண்டியின் எடையாவது குறையும்.